லேப் சச்சரவுகள்: ஆய்வு மாணவர் தனியாகச் சுமக்கலாமா?

இன்டர்னல் மார்க்கில் இரண்டு குறைந்தால் மாணவர்கள் முதலில் தேடிப் போவது லேப் பார்க்கும் ஆய்வு மாணவரை. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழவில்லை என்றாலும் அவரைத்தான். குழுவில் ஒருவன் வேலையே செய்யாமல் பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டான் என்ற புகாரும், அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்தைத் தொடவில்லை என்ற கெஞ்சலும், பக்கத்து பேட்ச்சுக்கு மட்டும் தாராளமாகப் போட்டது ஏன் என்ற கோபமும் அவருடைய மேசைக்கே வருகின்றன. பேராசிரியருக்கு அவசரம் வந்தால் போன் வருவதும் அவருக்கே: "ஏம்ப்பா, அந்த பேப்பரெல்லாம் திங்கட்கிழமைக்குள்ள முடிச்சிடு." மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இவருக்கு மூன்றாவதாக ஒரு பக்கமும் உண்டு. அது, நகராமல் கிடக்கும் சொந்த ஆய்வு.

ஐ.ஐ.டி. வளாகங்களில் இவரை டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டென்ட்) என்கிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஸ்காலர். மாணவர்களுக்கு அண்ணா அல்லது அக்கா. சில துறைகளில் சார், மேடம். எப்படி அழைத்தாலும் நிலைமை ஒன்றுதான். பொறுப்பு கொடுத்தாகிவிட்டது, எதுவரை முடிவெடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு சச்சரவு முற்றி, துறைத் தலைவரின் அறைவரை போன பிறகுதான், "உன்னை யார் இதையெல்லாம் பண்ணச் சொன்னது?" என்ற கேள்வி வருகிறது. அதற்கு முதல் நாள்வரை அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதை இப்போது பேச வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகள், எந்தப் பாடமானாலும் ஆய்வு மாணவர் எல்லோரும் கற்பித்தலில் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. டுட்டோரியல் நடத்தவும் லேப் பார்க்கவும் மதிப்பீடு செய்யவும் வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் அவர்களுக்குப் பணி ஒதுக்கலாம் என்றும் சொல்கின்றன. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஏற்கெனவே இதே திசையைக் காட்டியிருந்தது. ஐ.ஐ.டி.களில் இது பழைய ஏற்பாடு. கேட் தேர்வில் தேறி எம்.டெக். சேர்பவர் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கு ஈடாக வாரம் 8 மணி நேரம் துறைப் பணி செய்கிறார். ஆக, வழக்கமாக இருந்தது இப்போது விதியாகியிருக்கிறது. விதியில் இரண்டு பாதிகள் உள்ளன: ஒன்று பணி, இன்னொன்று பயிற்சி. முதல் பாதியை எல்லாத் துறைகளும் உடனே பிடித்துக்கொண்டன. இரண்டாவது பாதி பல இடங்களில் லேப் சாவியைக் கையில் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது.

நம் கருத்து இதுதான். மாணவரின் குறையை முதலில் கேட்பவராக டி.ஏ. இருக்கட்டும். கடைசி முடிவின் பாரம் அவர் மேல் விழக்கூடாது. எந்த முடிவு யாருடையது என்பதைத் துறையும் பேராசிரியரும் டி.ஏ.வும் மாணவரும் செமஸ்டர் தொடங்கும் முன்பே பேசி, எழுதி வைத்துவிட வேண்டும். சச்சரவு வந்த பிறகு எழுதும் விதியை யாரும் விதியாக மதிப்பதில்லை. யாரையோ காப்பாற்ற எழுதியதாகவே அது தெரியும்.

இரண்டு மார்க் விவகாரம்

டி.ஏ.க்கள் சந்திக்கும் மோதல்களில் அதிகமானவை மதிப்பெண்ணைச் சுற்றியே வருகின்றன. "அண்ணா, ரெண்டு மார்க் போட்டா கிரேடு மாறிடும்ணா" என்பதில் தொடங்கி, "நீங்க வேணும்னே பண்றீங்க" என்பதில் முடியும். மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் சி.ஜி.பி.ஏ.வில் ஒரு கோடு போட்டுக் கீழே உள்ளவர்களை உள்ளேயே விடுவதில்லை. அவருக்கு அந்த இரண்டு மார்க் வெறும் இரண்டு மார்க் அல்ல.

சிக்கல் பெரும்பாலும் திருத்தும் முறையில் இருக்கிறது. 120 பேர் படிக்கும் பாடத்துக்கு மூன்று டி.ஏ.க்கள் என்றால், ஆளுக்கு 40 தாளாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். ஒருவர் கை தாராளம், இன்னொருவர் கை இறுக்கம். தாள்கள் வெளியே வந்த மாலையே வாட்ஸ்அப் குழுவில் படங்கள் ஒப்பிடப்பட்டுவிடும். ஒரே விடைக்கு இரண்டு பேட்ச்சில் இரண்டு மதிப்பெண் என்றால் அந்தக் கோபம் நியாயமானதே. தாள்களைப் பிரிக்காமல் கேள்விகளைப் பிரித்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். முதல் கேள்வியை 120 தாளிலும் ஒருவரே திருத்துவார், இரண்டாவதை இன்னொருவர். தொடங்கும் முன் பத்துத் தாளைப் பேராசிரியரும் டி.ஏ.க்களும் சேர்ந்து திருத்திப் பார்த்து, எந்தப் படிக்கு எத்தனை மார்க் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். தாள்களில் பெயர் இல்லாமல் பதிவெண் மட்டும் இருக்கட்டும். ஒரு மணி நேர வேலை இது. பிறகு வரப்போகும் பல மணி நேர வாக்குவாதத்தை இது மிச்சப்படுத்தும்.

மறுமதிப்பீட்டுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். தாளைக் கொடுத்த அன்றே நேரில் வாதாடக் கூடாது. ஒரு நாள் கழித்து, எந்தக் கேள்வி, எந்தப் படி, ஏன் என்று நான்கு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். டி.ஏ. அதைப் பார்த்துத் தன் குறிப்பை எழுதுவார், பேராசிரியர் முடிவு சொல்வார். நின்ற இடத்தில் மார்க்கைத் திருத்தும் டி.ஏ. நல்லவர் என்று பெயர் எடுப்பார். ஆனால் வாய் திறந்து கேட்கத் தெரியாத மாணவருக்கு அவர் அநீதி செய்கிறார். எழுதிக் கேட்கும் முறை, கூச்ச சுபாவம் உள்ளவருக்கும் வழி விடுகிறது. தேர்வு எழுதியவருக்குத் தன் திருத்திய விடைத்தாளைப் பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல், சி.பி.எஸ்.இ. தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. மனு போட்டு வாங்கக்கூடிய வெளிப்படைத்தன்மையைத் துறை தானாகவே கொடுத்துவிடுவது எல்லோருக்கும் மரியாதை.

காப்பி அடித்தவரும் கண்டுபிடித்தவரும்

இரண்டு ரெக்கார்டு நோட்டில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருக்கிறது. இரண்டு புரோகிராமில் மாறியின் பெயரைத் தவிர மற்றதெல்லாம் ஒன்று. முதலில் டி.ஏ. கண்ணில்தான் படும். அடுத்து என்ன செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சிலர் எல்லோர் முன்னாலும் நோட்டைத் தூக்கிக் காட்டித் திட்டுகிறார்கள். சிலர் பூஜ்யம் போட்டுவிட்டு யாரிடமும் சொல்வதில்லை. சிலர் 'நம்ம பசங்கதானே' என்று விட்டுவிடுகிறார்கள். மூன்றிலும் ஒரே தவறு நடக்கிறது. சாட்சியாக இருக்க வேண்டியவர் நீதிபதியாகிவிடுகிறார். டி.ஏ. செய்ய வேண்டியது, கண்டதைத் தேதியோடு குறித்து, இரண்டு பிரதியையும் சேர்த்துப் பேராசிரியரிடம் ஒப்படைப்பது. குற்றச்சாட்டு என்ற சொல் மாணவரின் காதில் டி.ஏ. வாயிலிருந்து விழவே வேண்டாம்.

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளியான பிறகு இந்தச் சிக்கல் இன்னும் நுட்பமாகிவிட்டது. எழுத்தைப் போட்டால் எத்தனை சதவீதம் இயந்திரம் எழுதியது என்று சொல்லும் கருவிகளை நம்பி மாணவர்களை விசாரிக்கும் பழக்கம் பரவுகிறது. அப்படி ஒரு கருவியை வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனமே, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர்களே எழுதிய அந்தக் கட்டுரைகளை இயந்திரத்தின் எழுத்து என்று தவறாக முத்திரை குத்திய விகிதம் சராசரியாக 61 சதவீதம். அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் அந்தத் தவறு மிகக் குறைவாகவே நேர்ந்தது. எளிய சொற்களில், பழகிய வாக்கிய அமைப்பில் எழுதுவோரைத்தான் இந்தக் கருவிகள் அதிகம் சந்தேகிக்கின்றன. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தடுமாறும் மாணவருக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. கருவியைக் காட்டிலும் பத்து நிமிட வைவா நம்பகமானது. "இந்த வரியை ஏன் இங்கே வெச்சே? இதை எடுத்துட்டா என்ன ஆகும்?" என்று பதறாமல் கேட்டால், எழுதியவர் யார் என்பது தெரிந்துவிடும்.

எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம்?

சில மோதல்கள் குரல் உயராமலே நடக்கின்றன. லேப்பில் முதல் நாள் "எந்த ஊரு?" என்று தொடங்கி, "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று போகும் விசாரணைக்கு என்ன அர்த்தம் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பதவி இல்லாத டி.ஏ.வுக்கும் ஒரு வகுப்பறையின் தட்பவெப்பத்தை மாற்றும் அதிகாரம் உண்டு. யாரிடம் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார், யாரிடம் 'இதுகூடத் தெரியாதா' என்கிறார் என்பதை மாணவர்கள் ஒரே வாரத்தில் படித்துவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021இல் வந்தது. தமிழ் வழியில் இயற்பியல் படித்த பிள்ளைகள் ஆங்கிலக் கையேட்டோடு லேப் மேசைக்கு முன் நிற்கிறார்கள். அவர்களுக்கு அளவீடு எடுக்கத் தெரியும். 'டேபுலேட் தி ரீடிங்ஸ்' என்ற வரியில் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று எடுத்துக்கொண்டால் சச்சரவு அங்கேயே முளைக்கிறது. முதல் இரண்டு வாரம் சோதனையின் நடைமுறையைத் தமிழிலும் சொல்லும் டி.ஏ.வுக்குக் கால் மணி நேரம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். வெளி மாநிலத்திலிருந்து வந்த டி.ஏ.வுக்குத் தமிழ் வராது. அவரை மாணவர்கள் கேலி செய்வதும் அதே அளவுக்குத் தவறு. இரண்டு மொழிக்காரர்களை ஒரே லேப்பில் இணையாக நிறுத்துவது துறையால் முடியாத காரியம் அல்ல.

பெண் டி.ஏ.க்கள் சந்திப்பதை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். திருத்திய தாளைப் பற்றிக் கேட்க என்று தொடங்கும் இரவு நேரச் செய்திகள், தெரியாமல் எடுத்த படங்கள், பின்வரிசைச் சிரிப்பு. "சின்னப் பசங்க, விடும்மா" என்ற ஆலோசனையைத்தான் முதலில் கேட்கிறார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகள் அதன் பாதுகாப்பை வளாகத்தில் மாணவியருக்கும் ஊழியருக்கும் விரித்தன. ஒவ்வொரு நிறுவனத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். புகார் சொல்பவர் மாணவியாக இருந்தாலும் டி.ஏ.வாக இருந்தாலும், நடுவில் புகுந்து சமரசம் பேசுவது சக டி.ஏ.வின் வேலையும் அல்ல, துறையின் வேலையும் அல்ல. குழுவின் வாசலைக் காட்ட வேண்டும். கேட்டால் கூடப் போக வேண்டும். டி.ஏ.க்களுக்கும் ஓர் எல்லை உண்டு. தான் மதிப்பெண் போடும் மாணவரோடு நெருங்கிய உறவோ, காதலோ, பணக் கொடுக்கல் வாங்கலோ இருந்தால், அந்த பேட்ச்சை இன்னொருவருக்கு மாற்றித் தரச் சொல்லிவிட வேண்டும். விடுதி மெஸ்ஸில் ஒரே மேசையில் சாப்பிடும் இருவருக்கு இது சங்கடமான பேச்சுதான். பின்னால் வரும் சங்கடம் இதைவிடப் பெரிது.

அழுதுகொண்டு வருபவர்

மார்க் கேட்க வந்த மாணவர் திடீரென்று உடைந்து, "எனக்கு இனி எதுவும் வேண்டாம்ணா" என்கிறார். இருபத்தைந்து வயது டி.ஏ.வுக்கு இதைவிடக் கடினமான தருணம் இல்லை. அவர் மனநல ஆலோசகர் அல்லர். ஆக முயலவும் வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் எதிரே இருப்பவர் அவர் ஒருவர்தான். மார்க் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பதில் தவறில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. தனியே அனுப்பாமல் வளாக மருத்துவ மையத்துக்கோ ஆலோசகரிடமோ கூடவே நடந்து போக வேண்டும். நள்ளிரவானாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேச ஆள் உண்டு.

இந்த ஐந்து வரியை ஒவ்வொரு டி.ஏ.வுக்கும் சொல்லிக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் தற்கொலைகளைப் பற்றி ஆராய உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் முன்னாள் நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த வேறொரு தீர்ப்பு, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. நீதிமன்றம் ஆலோசகரை நியமிக்கச் சொல்லலாம். ஆனால் அந்த அறை எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில் இருக்கிறது என்று லேப்பில் நிற்கும் டி.ஏ.வுக்குத் தெரியாவிட்டால் நியமனம் காகிதத்தோடு நின்றுவிடும்.

மறுக்க முடியாத இடம்

மாணவரோடு வரும் மோதலைப் பற்றிப் பேச டி.ஏ.க்கள் தயங்குவதில்லை. பேராசிரியரோடு வரும் மோதலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பல இடங்களில் பாடம் நடத்தும் பேராசிரியரே ஆய்வு நெறியாளராகவும் இருக்கிறார். ஆய்வேட்டில் கையெழுத்திட வேண்டியவர் அவர், வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் தர வேண்டியவர் அவர். வார இறுதியில் 200 தாள் திருத்தச் சொன்னாலும், அவருக்குப் பதிலாக வகுப்பெடுக்கச் சொன்னாலும், வீட்டு வேலை ஒன்றை முடித்துவரச் சொன்னாலும், "சரிங்க சார்" என்பதைத் தவிர வேறு சொல் வராது. உதவித்தொகை பெறும் ஜே.ஆர்.எஃப். மாணவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய் உண்டு. எந்த உதவித்தொகையும் இல்லாமல் அதே லேப்பை அதே நேரம் பார்க்கும் ஆய்வு மாணவர்களும் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பொறுமையோடு மாணவர்களை அணுகு என்று உபதேசம் செய்ய நமக்கு நா எழ வேண்டுமே.

பேராசிரியர்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரமும் பேராசிரியருக்கு 14 மணி நேரமும் நேரடிக் கற்பித்தல். அதற்கு மேல் அங்கீகாரக் குழுக்களுக்கான கோப்புகள், சேர்க்கைப் பணி, தேர்வுப் பணி. காலிப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் ஒருவரே மூன்று பேரின் வேலையைப் பார்க்கும் துறைகள் உண்டு. தன் மேல் விழுந்ததைக் கீழே தள்ளுகிறார். கீழே நிற்பவர் ஆய்வு மாணவர். இதை ஒரு தனி மனிதரின் கொடுமை என்று சுருக்கிவிட்டால், அந்தப் பணியிடங்களை நிரப்பாதவர்கள் கணக்கிலிருந்து தப்பிவிடுவார்கள்.

இதற்கு வழி காண வெளியே பார்ப்பதில் தவறில்லை. கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில், தொழிற்சங்க ஒப்பந்தப்படி, ஒவ்வொரு டி.ஏ.வுக்கும் வேலை தொடங்கும்போது ஒரு படிவம் நிரப்பப்படுகிறது. தயாரிப்புக்கு இத்தனை மணி நேரம், வகுப்புக்கு இத்தனை, திருத்த இத்தனை, பயிற்சிக்கு இத்தனை என்று பேராசிரியரும் டி.ஏ.வும் பேசி எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். பாடம் பாதி நடந்ததும் மறுபடி உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2022 நவம்பரில் டி.ஏ.க்கள் உள்பட ஏறத்தாழ 48,000 கல்விப் பணியாளர்கள் ஊதியம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வகுப்புகளும் தேர்வுகளும் குலைந்தன. முதல் வழியில் பேச்சு முன்னால் நடக்கிறது, இரண்டாவதில் எல்லாம் முற்றிய பிறகு. நமக்கு எது வேண்டும் என்று நாம் முடிவு செய்யலாம்.

யார் பங்கு என்ன?

துறைக்கு: செமஸ்டர் தொடங்கும் முன் ஒரே ஒரு தாள். டி.ஏ. தானே முடிவெடுக்கக் கூடியவை எவை: தாமதமாக வந்தவரை அனுமதிப்பது, சோதனையை மறுநாள் செய்ய விடுவது, கூட்டல் பிழையைத் திருத்துவது. பேராசிரியரிடம் போக வேண்டியவை எவை: மறுமதிப்பீடு, காப்பி, அட்டெண்டன்ஸ். துறையையும் தாண்டி உரிய குழுவுக்கே போக வேண்டியவை எவை: துன்புறுத்தல், ராகிங், சாதிப் பாகுபாடு. அவசர உதவி எண்களும் அறை எண்களும் அதே தாளில். இந்தத் தாளை லேப் சுவரில் மாணவர் கண்ணில் படும்படி ஒட்டிவிட்டால் பாதி வாக்குவாதத்துக்கு அங்கேயே பதில் இருக்கும். அதோடு, கற்பித்தல் பயிற்சிக்கு விதி ஒதுக்கியிருக்கும் நேரத்தில் ஒரு நாளை இத்தகைய சூழல்களை நடித்துப் பார்க்கவே ஒதுக்க வேண்டும். மூத்த டி.ஏ. கோபக்கார மாணவராக நடிக்கட்டும், புதியவர் பதில் சொல்லட்டும். ஆங்கில ஸ்லைடுகள் நூறு போடுவதைவிட இது பயன் தரும்.

பேராசிரியருக்கு: மணிக் கணக்கை மதிக்க வேண்டும். டி.ஏ. எழுதிய குறிப்பை மாணவர் முன் தூக்கி எறியக் கூடாது. மாற்ற வேண்டியிருந்தால் தனியே அழைத்துச் சொல்லலாம். வாரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் டி.ஏ.க்களோடு உட்கார்ந்தால் சச்சரவுகள் சிறியதாக இருக்கும்போதே தெரிந்துவிடும். நெறியாளரும் பாட ஆசிரியரும் ஒருவராக இருக்கும் இடங்களில், டி.ஏ.வின் பணி நேரத்தை இன்னொரு பேராசிரியர் கவனிக்கும் ஏற்பாடு இருவருக்குமே பாதுகாப்பு. ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு மாணவர் ஆலோசனைக் குழு முன் அறிக்கை வைக்க வேண்டும் என்று 2022 விதிமுறைகள் சொல்கின்றன. அந்த அறிக்கையிலேயே கற்பித்தல் பணிக்குப் போன மணி நேரத்தை ஒரு வரியாகச் சேர்த்தால் புதிய குழு எதுவும் தேவைப்படாது.

டி.ஏ.வுக்கு: கூட்டத்தின் நடுவே வாதாட வேண்டாம். "வகுப்பு முடிஞ்சதும் பேசலாம்ப்பா, நிச்சயம் கேக்கறேன்" என்று சொல்லி, சொன்னபடி கேட்க வேண்டும். பேசியதை அன்றே இரண்டு வரியில் குறித்துவைக்க வேண்டும். தனிப்பட்ட எண்ணில் நள்ளிரவில் பதில் சொல்லும் பழக்கத்தைத் தொடங்கவே வேண்டாம்; துறை மின்னஞ்சலில், சொன்ன நேரத்தில் பதில் போதும். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லலாம், நாளை கேட்டுச் சொல்கிறேன் என்றால் மரியாதை குறையாது. மாணவரிடம் பேராசிரியரைக் குறை சொல்லி நல்ல பெயர் வாங்குவது மட்டும் கூடாது. அந்தப் பேச்சு மறுநாளே உரிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

மாணவருக்கு: டி.ஏ.வும் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர்தான் என்பதை மறக்க வேண்டாம். கேள்வி கேட்பது உரிமை. கூட்டமாகச் சென்று மிரட்டுவதும் மீம் போட்டு அவமதிப்பதும் உரிமை அல்ல. உள்ளே தீர்வு கிடைக்காவிட்டால் மேலே போக வழி இருக்கிறது. 2023 ஏப்ரலில் வந்த மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர்க் குழு இருக்க வேண்டும், புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். அதன் முடிவு திருப்தி தராவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். ஆய்வு மாணவரும் பதிவு செய்த மாணவர்தான் என்பதால் இந்த வாசல் டி.ஏ.வுக்கும் திறந்தது. பல வளாகங்களில் இப்படி ஒரு குழு இருப்பதே இரு தரப்புக்கும் தெரியாது என்பதுதான் குறை. ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் சேர்ந்து செய்யக் கூடிய முதல் வேலை, அந்தக் குழுவின் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது.

எழுதி வைத்தால் உறவு கெடுமா?

"குரு சிஷ்யன் உறவில் ஒப்பந்தப் படிவம் எதற்கு? நாங்கள் எல்லாம் இப்படித்தானே வளர்ந்தோம்" என்று மூத்த பேராசிரியர்கள் கேட்கலாம். அவர்கள் வளர்ந்த காலத்தில் துறைக்கு ஐந்தாறு ஆய்வு மாணவர்கள், வகுப்புக்கு முப்பது பேர். எல்லாவற்றையும் ஆளைப் பார்த்துச் சொல்லிவிட முடிந்தது. இன்று ஒரு லேப்பின் பேட்ச்சே அந்த அளவுக்கு இருக்கிறது. மேலும், எழுதாத விதியால் எப்போதும் லாபம் அடைபவர் பலம் உள்ளவர். நல்ல பேராசிரியரிடம் வாய்த்த டி.ஏ.வுக்குத் தாள் தேவைப்படாது. மற்றவருக்கு அது ஒன்றுதான் துணை. அன்பு இருக்கும் இடத்தில் ஒரு பக்கத் தாள் அதைக் கெடுத்துவிடாது.

இன்னொரு பயமும் உண்டு. விதிகளைக் காட்டி டி.ஏ.க்கள் வேலையிலிருந்து நழுவுவார்களே என்பது. சிலர் நழுவலாம். எத்தனை மணி நேரம் என்று எழுதியிருந்தால் நழுவியதும் கணக்கில் தெரியும். இப்போது யார் உழைக்கிறார், யார் ஒப்புக்கு வந்து போகிறார் என்பதே பதிவாவதில்லை.

இன்றைய டி.ஏ.க்களில் பலர் இன்னும் ஐந்தாண்டில் உதவிப் பேராசிரியர்களாக இதே மாநிலத்தின் கல்லூரிகளில் நிற்பார்கள். அடுத்த முப்பதாண்டு வகுப்பறைகள் அவர்கள் கையில். கோபத்தோடு வரும் மாணவரிடம் எப்படிப் பேசுவது, தன் தீர்ப்பைத் தானே எப்படிச் சந்தேகிப்பது, மேலே இருப்பவரிடம் முறையாக முடியாது என்று எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் அவர்கள் கற்கும் இடம் இந்த லேப் மேசை. அங்கே அவர்களைத் தனியே விட்டுவிட்டால், பட்டதையே நாளை திருப்பித் தருவார்கள். அடுத்த செமஸ்டரின் முதல் லேப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. துறைத் தலைவர் ஒருவர், பேராசிரியர் ஒருவர், டி.ஏ. இருவர், மாணவப் பிரதிநிதிகள் இருவர் ஒரு மதியம் உட்கார்ந்தால் அந்த ஒரு பக்கத் தாள் தயாராகிவிடும். செலவு எதுவும் இல்லை. அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.